பார்த்துக் கொள்பவளைப் பார்க்க வந்தவர் யார்?

வியாதியாய்ப் படுத்திருப்பவரைப் பார்க்கப் போவது என்பது நம் தமிழ் மக்களிடையே ஒரு தனி சாஸ்திரம். வெறுங்கையோடு போகக் கூடாது. ஆரஞ்சுப் பழமோ ஹார்லிக்ஸ் புட்டியோ எடுத்துச் செல்ல வேண்டும். போனதும் கட்டிலருகே நின்று, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்க வேண்டும். பதில் வருவதற்குள், "அடடா! பாதியாக இளைத்து விட்டீர்களே!" என்று சொல்லி, நோயாளியிடம் மிஞ்சியிருக்கும் தைரியத்தையும் வாங்கிக் கொண்டு விட வேண்டும். அப்புறம் காப்பி சாப்பிட வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு வைத்தியரின் விலாசத்தையும், நம் சித்தப்பாவுக்கு இதே வியாதி வந்து அவர் பட்ட பாட்டையும் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

இவ்வளவையும் ஒன்று விடாமல் செய்கிற நாம், அந்தக் காப்பியைக் கலந்து கொண்டு வந்து வைத்தவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "நீ எப்படி இருக்கிறாய், அம்மா?" என்று அவளைக் கேட்பது மேற்படி சாஸ்திரத்தில் எழுதப்படவில்லை போலும்.

புதுச்சேரியில், வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் முற்றமும் உள்ள ஒரு வீட்டை நேயர்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். இத்தகைய வீடு ஒன்றல்ல, பல உண்டு. வீட்டின் மூத்த அம்மாளுக்கு வயது எண்பதுக்கு மேல். கை கால் நன்றாக இருக்கிறது, பசிக்கிறது, நடக்கிறாள். ஆனால் நினைவு மட்டும் சிறிது சிறிதாகக் கழன்று விட்டது. முதலில் அடுப்பில் பாலை வைத்து விட்டு மறந்தாள். பிறகு பேரனின் பெயரை மறந்தாள். இப்போது, விளக்கு வைக்கும் நேரம் ஆனதும், "என் வீட்டுக்குப் போக வேண்டும், கதவைத் திற" என்கிறாள். அவள் கல்யாணமாகி வந்து அறுபது வருஷம் வாழ்ந்த வீடு அதுதான் என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை. கதவைத் திறக்காவிட்டால் அழுகிறாள். திறந்தாலோ வீதியில் இறங்கி விடுகிறாள். தன் நகையை மருமகள் திருடி விட்டதாக அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறாள். நகையைத் தலையணை உறைக்குள் வைத்தவள் அவளேதான்.

அந்த மருமகளின் நாள் எப்போது தொடங்குகிறது என்று சொல்வது கடினம். ஏனென்றால் முந்தைய நாள் முடிந்திருந்தால்தானே அடுத்த நாள் தொடங்கும்? இரவு இரண்டு மணிக்கு மாமியார் எழுந்து, விடிந்து விட்டதென்று புடவை மாற்றிக் கொள்கிறாள். படுக்கையை மாற்ற வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், "இப்போது மணி என்ன?" என்ற ஒரே கேள்விக்கு நாற்பதாவது தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்ல வேண்டும். குளிப்பாட்டப் போனால் கையைக் கடிக்க வருகிறாள். சாதத்தை ஊட்டினால் விழுங்க மறந்து கன்னத்தில் ஒதுக்கி வைத்துக் கொள்கிறாள். பார்க்காமல் விட்டால் புரையேறி விபரீதமாகி விடும். 1981-ல் அமெரிக்காவில் இவ்வித நோயாளிகளின் குடும்பத்தாருக்காக வெளிவந்த பிரபலமான புத்தகம் ஒன்றுக்கு, 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்ற பொருளுடைய தலைப்பை வைத்தார்கள். அந்த மருமகள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. தலைப்பின் அர்த்தம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வியாதியை இப்போது மறதி நோய் என்று குறிப்பிடுகிறார்கள். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், இதற்கு ஆளாகியிருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. இதன் முக்கியமான வகைக்குத் தம் பெயரைக் கொடுத்த அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர், 1906-ல் ஒரு ஸ்திரீயின் கதையை வைத்தியர்கள் கூடிய சபையிலே எடுத்துச் சொன்னார். அகஸ்டெ என்பது அந்த ஸ்திரீயின் பெயர். 1901-ல் அவளை பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவர் அவளுடைய கணவர், ரயில்வேயில் குமாஸ்தா. அவளுக்கு நோய் கண்ட அறிகுறிகளில் முதலாவது, கணவர் மீது காரணமில்லாத சந்தேகமும் பொறாமையும்தான். வைத்தியரை உலகம் அறியும். நோயாளியின் படத்தைக்கூட உலகம் அறியும். தம்மைச் சந்தேகித்துக் கொண்டேயிருந்த மனைவியோடு அந்த ரயில்வே குமாஸ்தா காலம் தள்ளிய விதத்தைப் பற்றி யார் விசாரித்தார்கள்?

பக்ஷவாதத்தில் படுத்தவர், புத்தி வளராத குழந்தை, சித்தம் கலங்கிய தம்பி, புற்றுநோய் முற்றிய தகப்பனார் - நோய் எதுவானாலும், பணிவிடை செய்பவரின் மனத்துக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். களைப்பைப் பற்றிச் சொல்ல அவர்கள் தயங்குவதில்லை. இடுப்பு வலிக்கிறது, தூக்கமில்லை என்பதைச் சொல்லி விடுகிறார்கள். சொல்லாமல் விழுங்குவது வேறொன்று. கோபம் வருகிறது. அன்பு செலுத்த வேண்டியவர் மீதே கோபம் வருகிறது. ஒரு தடவை கையை வெடுக்கென்று இழுத்து விடுகிறோம், "பேசாமல் படு!" என்று கத்தி விடுகிறோம். நடு இரவில், 'இது எப்போது முடியும்?' என்ற எண்ணம் தோன்றுகிறது. முடிவது என்றால் என்ன அர்த்தம் என்பது அடுத்த கணம் உறைக்கிறது. உடனே நம்மைப் பார்த்தே நமக்குப் பயமாயிருக்கிறது. மறுநாள் காலையில் வழக்கத்தை விடப் பக்தியோடு பணிவிடை செய்கிறோம். ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை.

இந்தக் குற்ற உணர்ச்சி எவ்வளவு ஆழமாகப் பாயக் கூடியது என்பதற்கு மகாத்மா காந்தியின் வாழ்க்கையிலேயே சாட்சியம் இருக்கிறது. 'சத்திய சோதனை' படித்தவர்களுக்கு அந்த அத்தியாயம் மறந்திருக்காது. 1885-ஆம் வருஷம், ராஜ்கோட்டில் தகப்பனார் கரம்சந்த் காந்தி பவுத்திர நோயினால் படுத்திருக்கிறார். பதினாறு வயதுப் பிள்ளை மோகன்தாஸ்தான் புண்ணைக் கழுவிக் கட்டுவதும், மருந்து கொடுப்பதும், ஒவ்வோர் இரவும் கால் பிடித்து விடுவதும். தகப்பனார் போகச் சொல்லும் வரையில், அல்லது அவர் உறங்கும் வரையில், பிள்ளை அந்த இடத்தை விட்டு எழுவதில்லை. கடைசி நாளன்று, இரவு பத்தரை பதினொரு மணி இருக்கும். சிற்றப்பா வந்து, தாம் பார்த்துக் கொள்வதாகச் சொல்லிப் பிள்ளையை அனுப்பி வைக்கிறார். மோகன்தாஸ் தம் மனைவி இருந்த அறைக்குப் போகிறார். ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். வேலைக்காரன் கதவைத் தட்டுகிறான். தகப்பனாரின் உயிர் போய் விட்டது.

அந்த ஐந்து நிமிஷத்தைக் காந்திஜி ஆயுள் முழுவதும் மன்னிக்கவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு சுய சரிதை எழுதும்போதும், துடைக்க முடியாத களங்கம் என்றே அதைப் பற்றி எழுதினார். அவர் அதைப் புலனடக்கத்தின் குறையாகக் கண்டார். நம்முடைய அபிப்பிராயம் வேறு. மாதக்கணக்கில் இரவு தோறும் கால் பிடித்த பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் விலகியதுதான் நினைவில் நின்றது. கால் பிடித்த இரவுகள் கணக்கில் வரவில்லை. பணிவிடை செய்தவர்களின் கணக்கு எப்போதும் இப்படித்தான் எழுதப்படுகிறது. வரவுப் பக்கம் காலியாக இருக்கும். செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, ஆனால் அழியாத மையில்.

அந்த வரலாற்றில் இன்னொருவரையும் நாம் கவனிக்க வேண்டும். "நீ போ, நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொன்ன சிற்றப்பா. தமையனாரின் நோய் முற்றியது கேட்டு வந்தவர் அவர். பகலெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார், இரவில் பக்கத்திலேயே படுப்பார். நம் காலத்து வீடுகளில் இல்லாமற் போனவர் அவர்தான்.

நளாயினியின் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். குஷ்டரோகியான கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தாள். அவளுடைய கற்பின் வலிமையால் சூரியன் உதிக்காமல் நின்றான். தேவர்கள் பதறி ஓடி வந்தார்கள். எதற்காகப் பதறினார்கள்? பொழுது விடியவில்லையே என்றுதான். அவள் தலையில் இருந்த கூடையைக் கொஞ்ச தூரம் தாங்கள் வாங்கிச் சுமப்போம் என்று ஒரு தேவனுக்காவது தோன்றியதாகக் கதையில் இல்லை. "பொறுமையில் பூமாதேவி" என்று புகழ்கிறோமே, அந்தப் புகழ்ச்சியும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். பூமாதேவி என்று பெயர் வாங்கி விட்டவள், 'என்னால் முடியவில்லை' என்று எப்படி வாய் திறப்பாள்?

முடியவில்லை என்று வாய் சொல்லாவிட்டாலும் உடம்பு சொல்லி விடுகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துச் சர்வகலாசாலையில் 1995-ல் ஒரு விசித்திரமான சோதனை நடத்தினார்கள். மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்து வந்த 13 ஸ்திரீகள். அவர்களுக்கு ஒத்த வயதுடைய, அந்தப் பாரம் இல்லாத வேறு 13 ஸ்திரீகள். ஒவ்வொருவருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் செய்து, அது ஆற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். பாரம் இல்லாதவர்களுக்குச் சராசரி 39 நாள் ஆயிற்று. பராமரிப்பவர்களுக்கு 48 நாளுக்கு மேல். ஏறக்குறைய ஒன்பது நாள் வித்தியாசம்! மனத்தில் உள்ள சுமை தோலில் உள்ள புண்ணைக்கூட ஆற விடுவதில்லை. 1999-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இன்னும் கவலைக்குரியது. வாழ்க்கைத் துணைக்குப் பணிவிடை செய்து அதனால் மன உளைச்சல் அடைந்திருந்த முதியவர்கள், அப்பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் நான்கு வருஷத்தில் மரணமடையும் அபாயம் 63 சதவிகிதம் அதிகமாயிருந்தது. நோயாளிக்கு முன்னால் பணிவிடை செய்தவர் போய் விடுவதை நாம் விதி என்று சொல்லி வந்திருக்கிறோம்.

இந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. 2019-ல் மத்திய சர்க்கார் நடத்திய கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனிக்கும் பொறுப்புள்ள ஸ்திரீகள் நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிஷமும், அவ்விதப் பொறுப்புள்ள ஆண்கள் 76 நிமிஷமும் அதற்குச் செலவிடுவதாகக் கண்டது. குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. சமையலும் துணி துவைப்பதும் இதில் சேரவில்லை.

* * *

பாரத்தின் அளவு எதைப் பொறுத்தது? நோயின் கடுமையைப் பொறுத்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். நாமும் அப்படித்தான் எண்ணுவோம். ஆனால் 1980-ல் ஸ்டீவன் ஜாரிட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் 29 பேரை விசாரித்தபோது, எதிர்பாராத விடை கிடைத்தது. நோயாளி எவ்வளவு தொல்லை கொடுக்கிறார் என்பதற்கும் பராமரிப்பவர் உணர்ந்த பாரத்துக்கும் சம்பந்தம் காணவில்லை. சம்பந்தம் இருந்தது வேறொன்றோடு. மற்ற உறவினர்கள் எத்தனை தடவை அந்த வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்பதுதான் அது! வருகை அதிகமான வீட்டில் பாரம் குறைவாயிருந்தது. எட்டிப் பார்க்க ஆளில்லாத வீட்டில் கூடுதலாயிருந்தது. 29 பேர் என்பது சிறிய தொகைதான். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் நோயின் தொல்லைகளுக்கும் பங்கு உண்டு என்று காட்டின. என்றாலும், அந்தப் பழைய விடையை நாம் தள்ளி விடுவதற்கில்லை. பாரத்தை அளப்பதற்கு ஜாரிட் வகுத்த கேள்விகள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் வழங்குகின்றன.

சென்னையிலும் இதற்கு ஓர் அளவுகோல் உண்டாயிற்று. இந்தியாவின் முதல் பெண் மனோவியாதி நிபுணராகிய டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்தாபித்த 'ஸ்கார்ப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தார், முதலில் நோயாளிகளின் குடும்பத்தாரைப் பேச விட்டுக் கேட்டார்கள். அப்படிக் கேட்டவற்றிலிருந்து 40 கேள்விகளை வகுத்து 1998-ல் வெளியிட்டார்கள். குடும்பத்தாரைப் பேச விட்டுக் கேட்டதே பாதி வைத்தியம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நிற்க. உறவினர் வருகை என்றோமே, புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி வகை உண்டு. 1954 நவம்பர் முதல் தேதி இந்தப் பிரதேசம் இந்தியாவோடு இணைந்தது; 1962-ல் உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ள அவகாசம் கிடைத்தது. அவ்வாறு வைத்துக் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிரான்ஸுக்குப் போய் விட்டார்கள். அங்கிருந்து பணம் வருகிறது, டெலிபோன் வருகிறது. கோடைக்காலத்தில் பாரிஸில் மாலை ஆறு மணியானால் புதுச்சேரியில் இரவு ஒன்பதரை. நோயாளியைப் படுக்க வைத்துவிட்டுத் தங்கை அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பாள். "அம்மாவைக் கைப்பேசியில் காட்டு" என்கிறார் அண்ணன். காட்டுகிறாள். "ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறாள்? நீ சரியாகச் சாப்பாடு கொடுப்பதில்லையா?" என்று ஒரு கேள்வி வருகிறது. ஆகஸ்டு மாதத்தில் லீவு எடுத்துக் கொண்டு நேரில் வந்தாலோ, முதல் இரண்டு நாள் கண்ணீர். மூன்றாம் நாள் வைத்தியரை மாற்ற வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும், கட்டிலைக்கூடத் திசை மாற்றிப் போட வேண்டும் என்று உத்தரவுகள். மூன்றாம் வாரம் விமானம்.

அண்ணன் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பதனால் அவரிடமும் குற்ற உணர்ச்சி இருக்கிறது. அது அதிகாரமாக வெளிப்படுகிறது. இது புதுச்சேரிக்கு மட்டும் உரிய பெருமையுமல்ல. 1991-ல் அமெரிக்க முதியோர் வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் வைத்தியர்கள் இந்தச் சுபாவத்துக்குப் பெயரே சூட்டி விட்டார்கள்: 'கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்'. கலிபோர்னியாவில் இருக்கும் வைத்தியர்கள் மட்டும் அவளை நியூயார்க்கிலிருந்து வந்த மகள் என்கிறார்களாம். புதுச்சேரி வைத்தியர்கள் 'பாரிஸ் பிள்ளை' என்று வைத்துக் கொண்டால் ஆட்சேபம் இராது. அந்த அண்ணன் கைப்பேசியில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நீ ராத்திரி தூங்கினாயா?" மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை, இரவில் வந்து உட்கார ஒரு ஆள் வைப்பதற்கென்று தனியே அனுப்பினால் அதைவிட மேல்.

பிரான்ஸ் தேசத்தில் முதியவர்கள் சுகமாயிருக்கிறார்கள், நாம்தான் தவிக்கிறோம் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2003 ஆகஸ்டில் அங்கே கடும் வெப்பம் வீசிய சில வாரங்களில் சுமார் 15,000 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வீட்டில் கிடந்தவர்கள் அவர்களில் அநேகர். ஊரே விடுமுறைக்குப் போயிருந்த சமயம். அந்த வெட்கம் பிரெஞ்சு ஜனங்களைச் சுட்டது. 2004-ல் சட்டம் செய்து, வருஷத்தில் ஒரு நாள் கூலியில்லாமல் அதிகமாக வேலை செய்வதென்றும், அதனால் வரும் தொகை முதியோருக்கும் அங்கவீனர்களுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றும் ஏற்படுத்தினார்கள். 2015-ல் வேறொரு சட்டம், குடும்பத்தில் பணிவிடை செய்பவருக்கு இளைப்பாறும் உரிமை உண்டு என்று ஒப்புக் கொண்டது. 2020 முதல், உறவினரைக் கவனிப்பதற்காக உத்தியோகத்திலிருந்து விலகி நிற்பவருக்குத் தொடக்கத்தில் 66 நாள் வரை உதவித் தொகை என்று ஏற்பாடாயிற்று. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற மஞ்சள் சுவர்களையும் வீதிப் பெயர்களையும் புதுச்சேரியில் காப்பாற்றி வருகிறோம். அவர்கள் பின்னால் கற்றுக் கொண்ட இந்தப் பாடத்தையும் இறக்குமதி செய்து கொண்டால் நஷ்டமில்லை.

நம் சட்டப் புத்தகம் வெறுமையாக இல்லை. 2007-ஆம் வருஷச் சட்டம் பெற்றோரைக் காப்பாற்றுவது பிள்ளைகளின் கடமை என்று கட்டாயப்படுத்தியது. யார் கையால் காப்பாற்றுவது என்பதில் அது தலையிடவில்லை. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016-ல் செய்த சட்டத்தில்தான், சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பராமரிப்பவர் என்று தாய் தகப்பனாரையும் குடும்பத்தாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்கும் திட்டமும் அச்சட்டத்தின் 24-வது பிரிவில் இருக்கிறது. படிக்கும் பழக்கமுள்ள குடும்பங்கள் அந்தப் பிரிவைப் படித்து வைத்துக் கொள்வது நல்லது.

* * *

குடும்பத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக் கொள்வதில் உலகத்துக்கு நம் தேசமே முன்னோடி என்பதைச் சொல்லாவிட்டால் குறையாகும். 1950-க்குப் பிந்திய வருஷங்களில், அமிருதசரஸ் மனோவியாதி ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் மேலதிகாரியாயிருந்தார். நோயாளிகள் குவிந்தார்கள், படுக்கையும் போதாது, ஆட்களும் போதாது. அவர் என்ன செய்தார்? ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு உறவினரும் வந்து தங்கும்படி ஏற்பாடு செய்தார். உறவினர்கள் பணிவிடையும் செய்தார்கள். நோயின் இயல்பையும் கற்றுக் கொண்டார்கள். மாலை வேளையில் டாக்டரோடு உட்கார்ந்து பேசினார்கள். நோயாளிகள் சீக்கிரம் குணமாகி, அதே உறவினரோடு வீடு திரும்பினார்கள். 1957-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனோவியாதிப் பகுதியும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. மேல்நாட்டார் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த காலத்தில் நடந்த காரியங்கள் இவை.

அந்தப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமும் நம்மிடமே இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைத்திருந்தபடியால் ஓட முடியாமல், 28 பேர் மாண்டார்கள். உற்றார் உறவினர் கொண்டு வந்து விட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தச் சமயத்தில் பலரும் குடும்பத்தாரைச் சபித்தார்கள். சபிப்பது சுலபம். தர்காவின் பரிசுத்தத்தை நம்பி நெடுந்தூரம் அழைத்து வந்தவர்களும், பல வருஷம் வீட்டிலே வைத்துப் பார்த்துக் கைவிட்டவர்களும் அவர்களிலே இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்து, "இன்று ஒரு பொழுது நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று சொன்னார்கள்?

சொல்லுகிற ஊர்களும் இல்லாமலில்லை. புதுச்சேரிப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹே, மலபாரின் நடுவே இருக்கிறது. அந்த மலபாரில்தான், 1993-ல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய ஒரு சிறு சங்கத்திலிருந்து, தீராத நோயாளிகளை அண்டை அயலாரே வீடு தேடிச் சென்று கவனிக்கும் இயக்கம் பெருகிப் பரவிற்று. பள்ளி ஆசிரியர், கடைக்காரர், மாணவர் என்று பலரும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குகிறார்கள். நர்ஸ் புண்ணைக் கழுவும் நேரத்தில், கூடச் சென்றவர் வீட்டாரோடு பேசிக் கொண்டிருப்பார். வீட்டில் அரிசி இருக்கிறதா, குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். கேரள சர்க்கார் 2008-ல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது.

புதுச்சேரியைப் போலவே அந்நியர் ஆட்சியிலிருந்து பின்னால் விடுபட்ட கோவாவிலும் ஒரு சோதனை நடந்தது. மறதி நோயாளிகள் இருந்த 81 குடும்பங்களை எடுத்துக் கொண்டு, உள்ளூரைச் சேர்ந்த, பெரிய பட்டம் எதுவும் பெறாதவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பாதி வீடுகளுக்கு அவர்களை அனுப்பினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது சென்று, நோயைப் பற்றி விளக்கிச் சொல்லி, வீட்டாரின் குறையைக் கேட்டு, உதவி கிடைக்குமிடத்தைக் காட்டினார்கள். ஆறு மாதத்தில், அவர்கள் சென்று வந்த வீடுகளில் பராமரிப்பவரின் மன வேதனை மற்ற வீடுகளைவிடக் குறைந்திருந்தது. 2008-ல் வெளியான முடிவு இது. நோய் குணமாகவில்லை, அது குணமாகிற நோயுமல்ல.

நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் என்ற அம்மையார் செய்தது இதைவிடப் பெரிய ஏற்பாடு. 406 கணவன்மார்களும் மனைவிமார்களும் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு தடவை ஆலோசனை. அவற்றில் நான்கு தடவை பராமரிப்பவரோடு மற்ற உறவினரையும் கூட்டி உட்கார வைத்து, யார் எதைச் செய்வது என்று பேசி முடிவு செய்தார்கள். பிறகு, வேண்டும்போது டெலிபோனில் கூப்பிடலாம் என்ற உரிமை. இவ்வளவே. அந்தக் குடும்பங்கள் நோயாளியை விடுதியில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் கொண்ட காலம், ஏறக்குறைய ஒன்றரை வருஷம் நீண்டதாக 2006-ல் தெரிவித்தார்கள். மனோதிடம் என்பது பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் குணம் என்று எண்ணியிருக்கிறோம். அதைக் கூட்டம் போட்டு உண்டாக்கலாம் போலிருக்கிறது!

புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் தாய்மார்களைப் பற்றிய ஒரு சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். கிழவிக்குப் பணிவிடை செய்பவளுக்கு என்றோ ஒருநாள் ஓய்வு உண்டு. முப்பது வயதுக் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு அதுவும் இல்லை. அவள் கவலை வேறு: 'எனக்குப் பிறகு இவனுக்கு யார்?' 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், புத்தி வளர்ச்சிக் குறைவு முதலியவை உள்ளோருக்கு, அவர்கள் வயது வந்த பிறகும் பாதுகாவலரை நியமிக்க வழி செய்திருக்கிறது. ஜில்லா நிர்வாகத்தில் இதற்கென்று உள்ள குழுவிடம் விண்ணப்பம் செய்து கொள்ளலாம். தான் உயிரோடிருக்கும்போதே அந்தக் காகிதத்தைப் பெற்று விட்டால், தாய்க்கு இரவில் ஒரு மணி நேரமாவது கூடுதலாகத் தூக்கம் வரும்.

இனி, நேயர்கள் அடுத்த தடவை வியாதியஸ்தர் வீட்டுக்குப் போகும்போது, ஹார்லிக்ஸ் புட்டியைக் கடையிலேயே விட்டு விடலாம். வைத்தியர் விலாசமும் வேண்டாம். "வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீ வெளியே போய் வா" என்று கிழமையும் மணியும் குறித்துச் சொல்ல வேண்டும். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பது பிரயோஜனமில்லை. அவள் சொல்ல மாட்டாள். முதல் தடவை, வேண்டாம் என்றும் மறுப்பாள். மாமியார் தன்னை விட்டால் யாரிடமும் இருக்க மாட்டாள் என்பாள். இரண்டாவது வியாழக்கிழமையும் போக வேண்டும்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலே மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் போய் விடலாம். காந்தி சிலைக்கு அருகே சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, ஏழு மணிக்குள் வீடு திரும்புவதற்கு நேரம் சரியாக இருக்கும்.